மணி அடித்த நேரமே நேரம்

வழித்துணைப் பிள்ளையார் கோவிலில் நின்றுகொண்டு "இப்ப எத்தனை மணி?" என்று யாரையும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் முதலில் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்கள். பிறகு, "ஏன் கேக்கிறீர்?" என்பார்கள். அதற்கும் பிறகு, "உம்மை ஆர் அனுப்பினது?" என்பார்கள். மணியை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. இந்த நாட்டில் மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்று விடியும் முன் எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவைக்க வேண்டும். நவம்பரில் பின்னே இழுக்க வேண்டும். ரொறன்ரோ முழுவதும் இதைச் செய்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். வழித்துணைப் பிள்ளையாரின் பரிபாலன சபைக்கு அவ்வளவு இலேசாக எதையும் விட்டுவிட்டுப் போகத் தெரியாது. மல்வேர்னில், கார் திருத்தும் கராஜுக்கும் மாபிள் கடைக்கும் நடுவில், பழைய பண்டகசாலை ஒன்றுக்குள் இருக்கிறது அந்தக் கோவில். அதை நடத்தும் பதின்மூன்று பேரும் பழைய நேரக்காரர், புது நேரக்காரர் என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பல வருடமாகிறது.

பழைய நேரக்காரருக்குத் தலைவர் இராஜரட்ணம். சபைக்கும் அவரே தலைவர். பிள்ளையாருடைய நேரத்தில் ஒன்ராறியோ அரசாங்கம் கை வைக்க முடியாது என்பது அவருடைய வாதம். மார்ச் வந்தாலும் தன் கைக்கடிகாரத்தை அவர் தொட மாட்டார். அதனால் வருடத்தில் எட்டு மாதம் எல்லா இடத்துக்கும் ஒரு மணித்தியாலம் பிந்திப் போவார். போய், சனம் ஏன் இப்படி அவசரப்படுகிறது என்று குறைப்படுவார். புது நேரக்காரருக்குச் செயலாளர் ரதி. இருவரும் மச்சான் மச்சாள் முறை. நேரே பேச்சுவார்த்தை நின்று ஐந்து வருடம். ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதைத் தீர்மானமாக எழுதிவந்து சபையில் முன்மொழிவார்கள்.

கோவில் கலண்டரைப் பார்த்து இதைத் தீர்க்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். கலண்டரில் நல்ல நேரமெல்லாம் ஒழுங்காக அச்சடித்திருக்கிறார்கள். அது பழைய நேரமா புது நேரமா என்று அடியில் ஒரு குறிப்பும் போட்டிருந்தார்கள். அந்தக் குறிப்பின் மேல், வீடு விற்றுக் கொடுக்கும் முகவர் ஒருவரின் சிரித்த முகம் வந்து உட்கார்ந்துவிட்டது. கலண்டர் அச்சடிக்கக் காசு கொடுத்தவர் அவர்தான். முகத்தை நகர்த்தச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. போன சித்திரை வருடப் பிறப்பன்று பழைய நேரக்காரர் ஒரு தடவையும் புது நேரக்காரர் ஒரு தடவையும் தலையில் மூலிகை மருத்துநீர் வைத்தார்கள். இரண்டு பக்கத்தையும் பகைக்க விரும்பாத சனம் இரண்டு தடவையும் தலையைக் குனிந்து கொடுத்துவிட்டுத் தடிமன் பிடித்துத் தும்மியபடி வீட்டுக்குப் போனது.

அதற்குப் பிறகுதான் சபை கூடி, தானாக அடிக்கும் மணி ஒன்றைப் பொருத்துவது என்று முடிவெடுத்தது. கூடவே ஒரு விதியும் வந்தது: மணி அடித்த நேரமே நேரம். மணி அடித்தால் அந்தக் காரியம் நடந்துவிட்டது. அடிக்காவிட்டால் நேரம் இன்னும் வரவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கோவில் தொடங்கிய நாளிலிருந்து எதுவும் ஏகமனதாக நிறைவேறியதில்லை என்பதால், மற்றக் கட்சி ஏதோ சூது செய்துவிட்டது என்று இரண்டு கட்சியும் அன்றிரவே சந்தேகப்படத் தொடங்கிவிட்டன.

இந்த நேரம் பார்த்துத்தான் கஜீவன் தன் கலியாணத்துக்குக் கோவில் மண்டபம் கேட்டுப் போனான்.

மோர்னிங்சைட் பெடியன். மார்க்கம் நகரில், வீட்டுச் சூடாக்கிகளுக்குள் வைக்கும் சின்னச் சின்னக் கணினிகள் செய்யும் கம்பனியில் வேலை. அவன் எழுதுவது கலண்டர், அலாரம் ட்ரைவர். நேரத்தை எண்ணும் சிப் ஒன்று எந்தக் கருவிக்குள்ளும் இருக்கும். அந்தச் சிப்புக்கும் மற்றப் பாகங்களுக்கும் நடுவில் இருந்து, இன்று என்ன திகதி, இப்போது எத்தனை மணி, எழுப்பச் சொன்ன நேரம் வந்துவிட்டதா என்று சொல்லும் சிறு நிரல்தான் ட்ரைவர். அவன் கலியாணம் முடிக்கப்போகிற துவாரகா விட்பி நகரில் இருப்பவள், பல் வைத்தியசாலையில் பல் துப்பரவாக்கும் வேலை. இருவருக்குமிடையில் ஒரு குறையுமில்லை. கவலையெல்லாம் துவாரகாவின் தாய் புனிதவதியைப் பற்றித்தான்.

புனிதவதியின் மூத்த மகளுக்கு வேறொரு மண்டபத்தில் கலியாணம் நடந்தது. மேளகாரர் அவசரப்பட்டு, சுபநேரம் பிறக்கும் முன்பே கெட்டிமேளம் கொட்டி, தாலியும் ஏறிவிட்டது. அடுத்த வருடமே மாப்பிள்ளை வன்கூவருக்கு ஒரு வேலை அலுவலாகப் போய், திரும்பி வரவேயில்லை. அவன் ஆரம்பத்திலிருந்தே அப்படிப்பட்டவன் என்று ஊர் சொன்னது. நேரம்தான் என்று புனிதவதி சொன்னார். அன்றிலிருந்து அவர் கையில் இரண்டு கடிகாரங்கள். ஒன்றில் பழைய நேரம், மற்றதில் புது நேரம். இரண்டையும் அவர் நம்புவதில்லை.

"தம்பி, உம்மில எனக்கு ஒரு குறையுமில்லை," என்றார் முதல் நாளே. "ஆனால் நேரம் தப்பித் தாலி ஏறுமெண்டால், பிள்ளையை மணவறையால எழுப்பிக்கொண்டு விட்பிக்குப் போயிடுவன். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது."

கஜீவன் சிரித்தான். துவாரகா சிரிக்கவில்லை.

"ஷி இஸ் நொட் ஜோக்கிங், கஜி," என்றாள். "அம்மா உண்மையாத்தான் சொல்லுறா."

அந்த வருடம் மண்டபத்தில் எஞ்சியிருந்தது ஒரே ஒரு நாள். மார்ச் எட்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, கடிகாரம் மாறும் நாள். அந்த நாளில் கலியாணம் வைக்க எவரும் துணியவில்லை. கஜீவனுக்கு அது பெரிதாகப் படவில்லை. கடிகாரம் மாறும் நாளைக் கணக்குப் பண்ணித்தான் அவன் சம்பளமே வாங்குகிறான். கலண்டர் அடித்த அச்சகத்துக்குத் தொலைபேசியில் கேட்டு, அச்சில் இருப்பது புது நேரம்தான் என்பதையும் உறுதிப்படுத்திக்கொண்டான். சுபநேரம் பத்தே நாற்பத்திரண்டுக்குத் தொடங்கிப் பதினொன்று இருபது வரைக்கும். மண்டபத்தை எழுதித் தரும் முன் இராஜரட்ணம் அவனுடைய தொழிலைக் கேட்டார். கேட்டுவிட்டுப் பேனையை மூடினார்.

"அப்ப எங்கட மணியை நீரே செய்து பூட்டித் தாரும். பூட்டினால் மண்டபம்," என்றார்.

சபை அவனைக் கூப்பிட்டு விசாரித்தது. பதின்மூன்று பேர் ஒரு பக்கம், அவன் ஒரு மடக்குக் கதிரையில் மறுபக்கம்.

"சிப்புக்கு எண்ண மட்டும்தான் தெரியும்," என்று விளங்கப்படுத்தினான். "அதை நாள், மாசம், வருசமா மாத்துறது ட்ரைவர். நீங்கள் குடுத்த நேரமும் எண்ணின நேரமும் ஒண்டா வந்தால், மணியை அடிக்கச் சொல்லும்."

"ஒண்டா வந்திட்டுதெண்டு அதுக்கு ஆர் சொல்லுறது?" என்று ரதி கேட்டார்.

"அதே பாத்துக்கொள்ளும், அன்ரி."

"தன்ர பாட்டிலயோ?"

"ஓம்."

"ஒருத்தரையும் கேளாமலோ?"

சபை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. ஒருவரையும் கேட்காமல் ஒரு காரியம் நடப்பது அங்கே கேள்விப்படாத சங்கதி.

பொருளாளருக்கு வேறொரு சந்தேகம். "மார்ச்சில ஒரு மணித்தியாலத்தை எடுக்கினம். நவம்பரில திருப்பித் தருகினம். சரி. நடுவில அந்த மணித்தியாலம் ஆற்ற பொறுப்பில இருக்கு?"

"ஒருத்தற்ற பொறுப்பிலயும் இல்லை, அங்கிள்."

"எட்டு மாசமாவோ?" பொருளாளர் கண்ணாடியைக் கழற்றினார். "பொதுச் சொத்தை இப்பிடியே வச்சிருக்கிறாங்கள்?"

இராஜரட்ணம் எழுந்து நின்று கையைக் கூப்பினார். "தம்பி, சபை ஆரையும் சந்தேகப்படுறேல்லை. அந்தப் பழக்கம் எங்களிட்ட இல்லை. அதாலதான் நீர் வேலை செய்யேக்க உம்மைப் பாத்துக்கொண்டிருக்க ஒரு உபசபை போட்டிருக்கிறம். உபசபையையும் நாங்கள் சந்தேகப்படேல்லை. அதைப் பாத்துக்கொண்டிருக்க இன்னொரு உபசபை இருக்கு."

கூட்டம் முடிந்ததும் இராஜரட்ணம் அவனை வாகனத் தரிப்பிடத்துக்கு அழைத்துப் போய், தன் காருக்குள் ஏற்றி, கண்ணாடியில் மூச்சுப் பட்டுப் புகார் படியும் வரை பேசாமல் இருந்தார். வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே தெரியாது என்று உறுதியான பிறகு வாயைத் திறந்தார்.

"மணிப் பெட்டிக்கு இடப்பக்கம், ஒருத்தருக்கும் தெரியாமல் ஒரு பொத்தான் வையும். அமத்தினால் ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போகவேணும். நான் அமத்த மாட்டன். அவ முன்னுக்குத் தள்ளினால் மட்டும்."

வீட்டுக்குப் போய்ச் சேரும் முன் ரதியின் தொலைபேசி வந்தது. "வலப்பக்கம் ஒரு பொத்தான், தம்பி. அமத்தினால் முன்னுக்குப் போகவேணும். நான் எதுக்கு அமத்தப் போறன்? அவர் இழுத்தால் எண்டதுக்காகச் சொல்லுறன்."

மறுத்திருக்க வேண்டும். மறுக்க அவனுக்குத் தெரியும். ஆனால் மண்டபப் பத்திரத்தில் இருவருடைய கையெழுத்தும் வேண்டியிருந்தது. இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு பொத்தான்களையும் வைத்தான்.

பெப்ரவரியில் மணிப் பெட்டி பொருத்தியாயிற்று. மணவறைக்குப் பக்கத்துத் தூணில் சிவப்பு இலக்கங்கள் ஒளிர்ந்தன. மேலே வெண்கல மணி, அதை இடிக்க ஒரு மோட்டார். இனிச் சோதித்துப் பார்க்க வேண்டும். அலாரம் எழுதுகிறவன் அந்த நாள் வரட்டும் என்று காத்திருந்து சோதிப்பதில்லை. இன்றைக்கே அந்த நாள் வந்துவிட்டது என்று சிப்பிடம் பொய் சொல்லிவிட்டுப் பார்ப்பான். கஜீவனும் ஒரு வியாழக்கிழமை அப்படித்தான் செய்தான். மார்ச் எட்டு, பத்தே நாற்பத்தொன்று என்று கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றான். அன்றைக்குக் கண்காணிப்பு ரதியுடைய முறை. மடக்குக் கதிரையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இலக்கம் மாறியது. மணி கணீரென்று அடித்தது. கஜீவன் சந்தோஷத்தில் கையைத் தட்டினான். உள்ளே இருந்த ஐயர் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கற்பூரத்தைக் கொளுத்தினார். ரதி தொலைபேசியை எடுத்தார்.

மாலையில் அவசரக் கூட்டம்.

"மண்டபம் உமக்கு எட்டாம் திகதிக்குத் தந்தது," என்றார் இராஜரட்ணம். "எட்டாம் திகதி வந்திட்டுது. மணியும் அடிச்சிட்டுது. விதிப்படி காரியம் முடிஞ்சுது. நீர் உம்மட கலியாணத்துக்கு வேட்டி கட்டிக்கொண்டு வராமல் விட்டது உம்மட பிழை."

"அங்கிள், இண்டைக்கு வியாழக்கிழமை! இது பெப்ரவரி! வெளியில பாருங்கோ, பனி கொட்டுது!"

"மார்ச்சிலயும் கொட்டும்."

விளையாடுகிறார்களோ என்று கஜீவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. பொருளாளர் மண்டபம் கூட்டிய கூலியை யாரிடம் கேட்பது என்று பக்கத்திலிருந்தவரோடு குசுகுசுத்துக்கொண்டிருந்தார்.

"சோதிச்சுப் பாத்தனான், அங்கிள். சோதனை!"

"சோதனையெண்டு மணிக்குத் தெரியுமே?" இராஜரட்ணம் சபையைப் பார்த்துத் திரும்பினார். "நாங்கள் விஞ்ஞானத்துக்கு எதிரானாக்கள் இல்லை. ஆனால் விதியை ஒருக்கால் மீறினால், பிறகு அது எல்லாருக்கும் பிரயோசனப்படத் துவங்கிடும்."

சபை தலையாட்டியது. கஜீவனுடைய கலியாணம், தாலியும் இல்லாமல் துவாரகாவும் இல்லாமல், அந்த வியாழக்கிழமையே முடிந்துபோயிருக்கும். அதைக் காப்பாற்றியது யாருடைய இரக்கமும் அல்ல, இராஜரட்ணத்தின் வன்மம்தான். மச்சாளை ஒரு குத்துக் குத்தாமல் அவரால் கூட்டத்தை முடிக்க முடியவில்லை.

"ஒரேயொரு விளக்கம் வேணும்," என்றார். "கலியாணம் நடந்ததெண்டால் பொம்பிளை வேணுமே. மணி அடிக்கேக்க மண்டபத்தில இருந்த பொம்பிளை ஆர்?"

பன்னிரண்டு தலைகளும் ரதியின் பக்கம் திரும்பின. அவர்களில் ஒருவர் ரதியின் கணவர். சபைக் கூட்டத்தில் அந்த மனிதர் தலை நிமிர்ந்ததை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

ரதி அந்த நிமிடமே எழுந்து, எட்டாம் திகதி இன்னும் வரவில்லை என்று ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். அவருடைய கணவர் வழிமொழிந்தார். இனி எவரும் இயந்திரத்தின் நிரலில் கை வைக்கக் கூடாது என்ற பின்னிணைப்போடு அது நிறைவேறியது.

அதற்குள் யாரோ விட்பிக்குச் செய்தி சொல்லிவிட்டார்கள். புனிதவதி தொலைபேசியில் வந்தபோது குரல் தாழ்ந்திருந்தது.

"தம்பி, மறைக்காமல் சொல்லும். நீர் ஏற்கெனவே கலியாணம் முடிச்சவராமே?"

அன்றிரவு கஜீவனுக்கு நித்திரை வரவில்லை. பின்னிணைப்பு அவனை அரித்தது. அவன் எழுதிய அலாரம், கொடுத்த நேரமும் எண்ணிய நேரமும் ஒன்றாக வரும் கணத்தில் மட்டும்தான் அடிக்கும். அந்தக் கணத்துக்கு முன்னாலிருந்து யாராவது பொத்தானை அமத்தி அதைத் தாண்டிக் குதிக்கவைத்தால், பத்தே நாற்பத்திரண்டு என்பது அந்த இயந்திரத்துக்கு வராமலே போய்விடும். மணி ஊமையாக நிற்கும். திருத்துவதற்கு ஒரு வரி போதும்: தாண்டிப் போயிருந்தால் உடனே அடி.

அடுத்த கூட்டத்தில் அந்த ஒரு வரிக்கு அனுமதி கேட்டான்.

"ஒரு வரி, ஒரு வரி எண்டு சொல்லித்தான் எல்லாம் துவங்குறது," என்றார் இராஜரட்ணம். "அண்டைக்கு இல்லாத வரி இண்டைக்கு என்னத்துக்கு?"

"ஆராவது நேரத்தை மாத்தினால் எண்டு ஒரு பாதுகாப்புக்கு, அங்கிள்."

"ஆர் மாத்துறது? எப்பிடி மாத்துறது?" பொருளாளர் முன்னே சாய்ந்தார். "மாத்துறதுக்கு உதில பொத்தான் ஏதும் இருக்கே?"

கஜீவன் இராஜரட்ணத்தைப் பார்த்தான். அவர் விட்டத்தைப் பார்த்தார். ரதியைப் பார்த்தான். அவர் கைப்பைக்குள் எதையோ தேடினார்.

"எங்களில ஆரோ கள்ளமாப் பொத்தான் அமத்துவினம் எண்டு சந்தேகப்படுறீரோ?" என்று தேடியபடியே ரதி கேட்டார். "சபையைப் பாத்துக் கேக்கிற கேள்வியே இது?"

இரண்டு கட்சியும் ஒரே குரலில் அவனைக் கண்டித்தன. அந்த ஒரு வரி நிராகரிக்கப்பட்டது.

எட்டாம் திகதி விடிந்தது. இரவே இயந்திரம் தானாக ஒரு மணித்தியாலம் தாண்டிப் புது நேரத்துக்கு வந்திருந்தது. பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக மண்டபத்துக்குள் வந்த கஜீவன் முதலில் பார்த்தது தூணைத்தான். சரியான நேரம். மூச்சு வந்தது. சனம் நிறைந்திருந்தது. துவாரகா பக்கத்தில் வந்து இருந்து, "யூ ஓகே?" என்று உதடு அசையாமல் கேட்டாள். ஓம் என்று தலையசைத்தான். முன்வரிசையில் புனிதவதி, மடியில் இரண்டு கையையும் வைத்து, ஒரு கடிகாரத்தையும் மற்றதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் இரண்டு நிமிடம் இருக்கும்போது இராஜரட்ணம் உள்ளே வந்தார், வழக்கம் போலப் பிந்தி. தூணைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதில் ஒன்பதே நாற்பது. மச்சாள் முன்னுக்குத் தள்ளிவிட்டாள் என்று, அவர் முகத்தில் எல்லாம் விளங்கிவிட்ட களை வந்தது. பெட்டிக்குப் போட்டிருந்த பூமாலையை நேராக்குவது போலப் போய், இடது கையைப் பின்னால் விட்டார்.

சிவப்பு இலக்கம் ஒன்பதே நாற்பதுக்குப் போனது.

கஜீவனுக்கு எழும்பி ஓட வேண்டும் போலிருந்தது. கையில் காப்புக் கட்டியாயிற்று, முன்னால் ஓமம், ஐயர் மந்திரம் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான். நாக்கு மந்திரத்தில், கண் தூணில். சந்தனக் கிண்ணத்தோடு சுற்றிக்கொண்டிருந்த ரதி சில நிமிடம் கழித்துத்தான் இலக்கத்தைக் கண்டார். கண்டதும் இராஜரட்ணத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தூணுக்குச் சந்தனம் வைப்பது போல வலப்பக்கம் போனார்.

இலக்கம் பத்தே நாற்பத்தைந்துக்குத் தாவியது. மறுபடியும் சரியான நேரம். மண்டபத்தில் ஒருவரும் எதையும் கவனிக்கவில்லை. மணிதான் அடிக்கவில்லை.

ஐயர் தாலித் தட்டைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு தூணைப் பார்த்தார். தவில்காரர் கழியை ஓங்கியபடி தூணைப் பார்த்தார். அட்சதையோடு எழுந்த சனம் எழுந்தபடியே நின்றது.

"மணி இன்னும் அடிக்கேல்லையே," என்றார் ஐயர்.

"இனி அடிக்காது ஐயா," என்றான் கஜீவன். "நேரம் வந்திட்டுது. கட்டுவம்."

"மணி அடியாமல் நேரம் எப்பிடி வரும்?" இராஜரட்ணம் சபையோடு மணவறைக்கு முன்னால் வந்து நின்றார். சனத்தின் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "பெரியோர்களே, விதிப்படி இண்டைக்கு இன்னும் பத்தே நாப்பத்திரண்டு வரேல்லை. வராத ஒரு நேரத்தில தாலி கட்ட விட்டால், நாளைக்கு ஆரும் எந்த நேரத்திலயும் சந்தோசமா இருக்கத் துவங்கிடுவினம். சபை உடன கூடி ஆராயும். ஒருத்தரும் அசையக் கூடாது."

ரதியும் அதை ஆதரித்தார். ஆனால் கூடுவதற்கு இடமில்லை. செருப்பு வைக்கும் அறைதான் வெறுமையாக இருந்தது. யாரையாவது வெளியே விட்டுப் போனால் அவர் ஏதாவது செய்துவிடுவார் என்ற பயத்தில் பதின்மூன்று பேரும் உள்ளே போனார்கள். உபசபைகளும் அவர்களே என்பதால் கண்காணிப்பும் கூடவே போனது. கதவு சாத்தப்பட்டது.

கஜீவன் தாலியைப் பார்த்தபடி இருந்தான். அவமானமும் கோபமும் சேர்ந்து கண்ணை மறைத்தன. மற்றவர்களில் வந்த கோபத்தைவிடத் தன்னில் வந்த கோபம் பெரிது. அந்த இரண்டு பொத்தானையும் வைத்தது அவன் கைதானே. பக்கத்தில் துவாரகா அழாமலிருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

புனிதவதி எழுந்து வந்தார். அவர் மகளின் கையைப் பிடித்து எழுப்பப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கஜீவனும் அப்படித்தான் நினைத்தான். அவர் அவனுக்கு முன்னால் குனிந்தார்.

"தம்பி, உண்மையைச் சொல்லும். நேரம் இன்னும் இருக்கே?"

"இருக்கு அன்ரி. நிறைய இருக்கு."

"வடிவாத் தெரியுமே?"

"அது ஒண்டுதான் எனக்கு வடிவாத் தெரியும், அன்ரி."

அவர் கடிகாரங்களைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்தார், நல்ல நேரமாகப் பார்த்தார். மூத்தவளின் கலியாணத்தன்று யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர் அவர். பிறகு இரண்டு கடிகாரங்களையும் கழற்றிக் கைப்பைக்குள் போட்டார்.

"ஐயா, உங்கட கைமணியை ஒருக்காத் தாங்கோ."

ஐயர் செருப்பு அறைப் பக்கம் பார்த்தார். "அம்மா, விதியொண்டு இருக்கல்லோ…"

"மணி அடிச்ச நேரம்தானே நேரம்?" என்றார் புனிதவதி. "இது மணி இல்லாமல் என்ன?"

வாங்கி, தலைக்கு மேலே தூக்கி அடித்தார். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. ஒரு நாளும் சபைக்குப் பயப்படாத தவில்காரர் ஓங்கியிருந்த கழியைப் போட்டார். கெட்டிமேளம் முழங்கியது. கஜீவன் மூன்று முடிச்சையும் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது புனிதவதி கைமணியை நிறுத்த மறந்து அழுதுகொண்டிருந்தார்.

"அடிச்சது காணும், மாமி," என்றான்.

சபை வெளியே வந்தபோது பாயாசம் பரிமாறப்பட்டுக்கொண்டிருந்தது. பத்தே நாற்பத்திரண்டு மறுபடி வரும் வரை, அதாவது அடுத்த நாள் வரை, அனைவரும் இருந்த இடத்தில் இருக்க வேண்டும் என்ற தீர்மானம் இராஜரட்ணத்தின் கையில் இருந்தது. வாசிக்கத் தொடங்கினார். அப்பளம் நொறுங்கும் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. பதின்மூன்று பேரும் நின்றபடியே ஆலோசித்தார்கள். முடிவில் சாப்பாட்டைச் சபை ஏற்றுக்கொண்டது; கலியாணத்தை ஏற்றுக்கொள்ளவில்லை.

அந்த ஒரு விடயத்தில் பழைய நேரக்காரரும் புது நேரக்காரரும் இன்றுவரை ஒற்றுமையாக இருக்கிறார்கள். கோவில் பதிவில் கஜீவன் மணமாகாதவன்.

மே மாதம், ஒரு ஞாயிறு மத்தியானம், விட்பி வீட்டில் நண்டுக் கறியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான் கஜீவன். துவாரகா பக்கத்தில் இருந்து நண்டின் கால்களை உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். புனிதவதியின் தொலைபேசி சிணுங்கியது. வழித்துணைப் பிள்ளையார் கோவில் கலியாண சேவையிலிருந்து செய்தி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரத்து வாசித்தார்.

"மதிப்புக்குரிய அம்மையாருக்கு. தங்கள் இளைய மகளுக்கு ஏற்ற வரன் ஒன்று சபையின் கவனத்துக்கு வந்துள்ளது. பெயர் கஜீவன். இருப்பிடம் மோர்னிங்சைட். பொறியியலாளர். மணமாகாதவர் என்பதைச் சபை உறுதிப்படுத்துகிறது."

துவாரகாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. கஜீவன் நண்டுக்காலைச் சோற்றுக் கோப்பையில் போட்டுவிட்டு மாமியைப் பார்த்தான். புனிதவதி சிரிக்கவில்லை. கண்ணாடிக்கு மேலால் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"பெடியன் நல்லவன் எண்டுதான் கேள்வி," என்றார். "ஆனால் மணிக்கூட்டு வேலையாம். கொஞ்சம் விசாரிச்சுப் பாத்துத்தான் சொல்லவேணும்."

சொல்லிவிட்டு, சட்டியைச் சரித்து, இன்னொரு நண்டை அவன் கோப்பையில் வைத்தார்.